கேற்றடி நாப்பி யார் பொறுப்பு?

போன கிழமை, பிள்ளை பராமரிக்கிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களோடு இருந்து தேத்தண்ணி குடித்தபோது உங்களில் ஒரு பிள்ளை கேட்டாள்: "மிஸ், கூட்டிக்கொண்டு போக ஆக்கள் வந்து நிக்கிற நேரத்தில பிள்ளை கக்கா இருந்திட்டால் யார் மாத்துறது? நாங்களா, அவங்களா?" மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை, கவனித்தீர்களோ தெரியாது. இந்த ஒரு கேள்வியால் எங்கள் நிலையத்தில் ஒரு நல்ல பெண்ணின் வேலை போகப் பார்த்தது. புத்தளம் போகிற பஸ் ஒன்று ஆட்களோடு நடுவழியில் நின்றது. அன்று நேரமில்லாததால் சொல்லாமல் விட்டேன். இப்போது எழுதுகிறேன்.

எப்படித் துடைப்பது, எந்தக் கிறீம் பூசுவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதற்குள் நான் போகவில்லை. பயிற்சியில் சொல்லித் தராதது கேற்றடி, நிலையத்தின் வெளிவாசல். பகல் முழுவதும் பிள்ளைகளோடு இருப்பது ஒரு வேலை. பிள்ளையைக் கைமாற்றிக் கொடுக்கிற அந்தச் சின்ன நேரம் இன்னொரு வேலை. பிள்ளையை வாங்கிய உடனே முத்தம் கொடுக்கும் சாக்கில் பின்பக்கத்தை மணந்து பார்க்கிற அம்மாமார் இருக்கிறார்கள். பிள்ளையைக் கைநீட்டித் தூக்கி, தன் வெள்ளைச் சேர்ட்டில் படாமல் வெடிகுண்டு கொண்டு போவதுபோல் கொண்டுபோகிற அப்பாமார் இருக்கிறார்கள். மணந்தும் மணக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "போயிற்று வாறம் மிஸ்" என்று விரைந்து போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் இன்றும் கடமைப்பட்டவள்.

நாட்டில் போர்ச் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் வன்னியிலிருந்து வந்து புத்தளம் பக்கம் குடியேறியவள். கற்பிட்டி நகரத்துக்குள் நுழைகிற இடத்தில், பெரிய வீதியோரமாக ஒரு சங்கம் நடத்திய சிறுவர் பராமரிப்பு நிலையத்துக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். என்னோடு வேலை செய்தவர்களில் ஃபர்ஹானா என்று ஒருத்தி. கற்பிட்டியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. வாய் கொஞ்சம் காரம். ஆனால் கை தங்கம். அழுகிற பிள்ளையை அவள் வாங்கினால் பிள்ளை வெட்கப்பட்டு அழுகையை நிறுத்திவிடும். வீட்டுக்குப் போகிற நேரத்துக்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளுக்கும் நாப்பி மாற்றி, பவுடர் பூசி, தலை சீவி, கலியாண வீட்டுக்குப் போகிறவர்கள்போல் வரிசையாக இருத்தி வைப்பாள்.

அந்த வரிசையில் ரொஷான் என்று ஒன்றரை வயதுப் பையன் இருந்தான். கன்னமும் தொடையுமாக ஒரு சாந்தமான பிள்ளை. அவனுடைய தகப்பன் சேவியர், கற்பிட்டியிலிருந்து புத்தளம் ஓடுகிற தனியார் பஸ் ஒன்றின் ட்ரைவர். தாய் மெரில் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் துணி மடிக்கும் பிரிவில் வேலை செய்தாள். அவர்களின் வீடு தலவிலச் சந்திக்குக் கிட்ட. காலையில் மெரில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவாள். பின்னேரம் சேவியர் ஆட்களை ஏற்றிக்கொண்டு புத்தளத்துக்குப் புறப்படும்போது எங்கள் கேற்றடியில் பஸ்ஸை நிறுத்தி, பிள்ளையை வாங்கி, முன் சீற்றில் இருக்கும் யாராவது ஒரு பெண்ணின் மடியில் இருத்திக்கொண்டு போவார். ஹோட்டல் வான் மெரிலைத் தலவிலச் சந்தியில் இறக்கியிருக்கும். அங்கே பிள்ளை கைமாறும். நல்ல ஏற்பாடு. எல்லோருக்கும் வசதி.

பிள்ளையைத் தவிர.

ஒருநாள் சேவியர் பிள்ளையை வாங்கிவிட்டு அப்படியே நின்றார்.

"என்ன மிஸ் இது? பிள்ள மணக்கிறானே."

எனக்கு முந்தி ஃபர்ஹானா வந்துவிட்டாள். அண்ணன் வயது ஆண்களை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள். "இப்பதானே நானா மாத்தினேன்! பவுடர்கூட காயல்ல!"

"பவுடர் மணம் எனக்குத் தெரியாதா? இது பவுடரா?"

அது பவுடர் இல்லை என்பது ஐந்தடி தள்ளி நின்ற எனக்கும் தெரிந்தது. ஃபர்ஹானா பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிப்போய் மாற்றிக் கொண்டுவந்தாள். அதற்குள் பஸ்ஸில் இருந்தவர்கள் யன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தத் தொடங்கிவிட்டார்கள். சேவியருக்குப் பின்னால் ஓடிவந்த பஸ் அவரை முந்திக்கொண்டு போனது. தனியார் பஸ் ட்ரைவருக்கு அதைவிட அவமானம் வேறு இல்லை.

அடுத்த நாளும் அதேதான். அதற்கடுத்த நாளும். ஃபர்ஹானா சத்தியம் செய்வாள், பிள்ளை மணப்பான். கேற்றடியில் நின்று இருவரும் வழக்குப் பேசத் தொடங்கினார்கள்.

"கேற்றுக்கு உள்ளுக்கு நடந்தா எங்கட பொறுப்பு. வெளிய நடந்தா உங்கட பொறுப்பு."

"உள்ளுக்குத்தான் நடந்திருக்கு. தொட்டுப் பாரு, ஆறிப் போயிருக்கு."

"எங்க ஆறியீக்கி? கொதிக்கிது! நீங்க வாங்கின பொறகுதான்!"

இரண்டு வளர்ந்த மனிதர்கள் ஒரு குழந்தையின் பின்பக்கத்தை மாறிமாறித் தொட்டுச் சூடு பார்ப்பதை ஒரு பஸ் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரொஷான் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

நான் ஒரு முடிவெடுத்தேன். மறுநாள் சேவியர் இறங்கி உள்ளே வந்த பிறகு, அவருடைய கண்ணுக்கு முன்னாலேயே நாப்பியை மாற்றச் சொன்னேன். ஃபர்ஹானா புது நாப்பியை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டிவிட்டுக் கட்டினாள். சேவியர் குனிந்து பார்த்தார். பஸ்ஸில் இருந்தவர்களும் பார்த்தார்கள். முன் சீற்றில் இருந்த ஒரு முஸ்லிம் அக்கா, ராத்தா என்று எல்லோரும் கூப்பிடுகிறவர், "சுத்தமா ஈக்கி, வாங்க போவம்" என்று சாட்சியும் சொன்னார். பிள்ளையை அந்த ராத்தாவின் மடியில் இருத்தி, பஸ் புறப்பட்டுப் போனது. அப்பாடா என்று நான் கதிரையில் சாய்ந்தேன்.

அடுத்த நாள் காலையில், மெரில் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுப் போன பிறகு, சேவியர் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்தார். கோபத்தில் காது சிவந்திருந்தது.

"முதல் வளைவுகூடத் திரும்பல்ல மிஸ், செய்திட்டான். அந்த ராத்தாட அபாயா முழுக்க நாசம். என்ன குடுக்கிறீங்க இவனுக்கு? போற நேரத்துக்குச் செய்யட்டும் எண்டு வாழைப்பழம் குடுத்து அனுப்புறீங்களா?"

"நாங்கள் ஏன் தம்பி அப்பிடிச் செய்யப்போறம்?"

"உங்களுக்கு வேலை மிச்சம்தானே. நாள் முழுக்க அடக்கி வச்சு எனக்குத் தாறீங்க."

ஒரு குழந்தையை அடக்கி வைப்பது எப்படி என்று எனக்குத் தெரிந்திருந்தால் நான் இந்தத் தொழிலில் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருப்பேன். அதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள் ஃபர்ஹானா உள்ளேயிருந்து, "அவ்வளவு சந்தேகமெண்டா நீங்களே மாத்துங்களேன் நானா! கை ரெண்டும் ஸ்டீரிங்ல ஒட்டியா ஈக்கி?" என்று கேட்டுவிட்டாள்.

சேவியரின் முகம் மாறியது. கோபம் அதிகமானது என்றுதான் நான் அப்போது நினைத்தேன். திரும்பிப் போனார். நேரே போனது எங்கள் சங்கத் தலைவரிடம்.

தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். மிகவும் நல்லவர். ஒருவருக்கும் பொல்லாதவராக இருக்க விரும்பாதவர். அதோடு புத்தளத்துக்கு மருந்தெடுக்கச் சேவியரின் பஸ்ஸில்தான் போய்வருவார், சேவியர் அவருக்கு எப்போதும் சீற் பிடித்துக் கொடுப்பார். அன்று மத்தியானம் தலைவர் நிலையத்துக்கு வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் தொப்பியைப் பார்த்துப் பேசினார்.

"அந்தத் தம்பி பிள்ளையை நிப்பாட்டப் போறன் எண்டு நிக்கிறார். பிள்ளையை நிப்பாட்டினால் மெரில் வேலையை விடோணும். மற்றத் தாய் தகப்பன்மாரும் கதைக்கத் தொடங்கியிட்டினம். அதால... ஃபர்ஹானாவைக் கொஞ்ச நாளைக்கு வீட்டில நிக்கச் சொல்லுவமோ?"

"கொஞ்ச நாள் எண்டால் எவ்வளவு நாள் ஐயா?"

தலைவர் தொப்பியைச் சுழற்றினார். அதுதான் பதில்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஃபர்ஹானாவின் பக்கம் நியாயம் இருக்கிறது. நீங்களே கண்ணால் கண்டீர்கள், நாப்பி சுத்தமாக இருந்தது. கேற்றைத் தாண்டி நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சட்டம் பேசலாம். பேசினால் வெல்லவும் செய்யலாம். ஆனால் வென்ற பிறகும் அடுத்த நாள் பின்னேரம் பஸ் வரும், அந்தப் பிள்ளை மணப்பான். எனக்கு அந்த வழக்கில் வெல்வதைவிட, அந்தப் பிள்ளைக்கு என்னதான் நடக்கிறது என்று அறிகிற ஆசை அதிகமாக இருந்தது.

"நாளைக்குப் பதில் சொல்லுறன் ஐயா," என்றேன். "இண்டைக்குப் பின்னேரம் நான் பஸ்ஸில போறன்."

"எங்க?"

"பிள்ளையோட."

அன்று பின்னேரம் பஸ் வந்து நின்ற பிறகு ஃபர்ஹானா மாற்றிக் கட்டிய சுத்தமான நாப்பியோடு ரொஷானைத் தூக்கிக்கொண்டு, தோளில் நாப்பிப் பையோடு நானே பஸ்ஸில் ஏறினேன். சேவியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, ரிக்கெற் எடுத்த பயணி நான். ட்ரைவருக்குப் பக்கத்து முன் சீற்றில் இருந்து, பிள்ளையை என் முகத்தைப் பார்க்கும்படி மடியில் வைத்துக்கொண்டேன். கையில் தின்ன ஒரு பணிஸ் ரொட்டித் துண்டு கொடுத்தேன். முன்பு அபாயா பழுதாகிய ராத்தாவும் இருந்தார். என் மடியில் பிள்ளையைக் கண்டதும் எழுந்து இரண்டு சீற் பின்னால் போய்விட்டார்.

"குறை நினைக்காதீங்க மிஸ். இது புது அபாயா."

பஸ் புறப்பட்டது. சேவியர் ஹோர்ன் அடித்தார். எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்களின் ஹோர்ன் உங்களுக்குத் தெரியும்தானே. சேவியருடையது மெதுவாக ஏறி, நடுவில் குழைந்து, கடைசியில் நீட்டி முழக்கி முடிகிற ஒரு ராகம். சளி பிடித்த நாதஸ்வரம்போல் இருக்கும்.

ரொஷான் பணிஸ் சப்புவதை நிறுத்தினான்.

புருவம் இரண்டும் கூடின. கண் என் முகத்தை விட்டு யன்னலுக்கு வெளியே, வெங்காயத் தோட்டங்களைத் தாண்டி எங்கோ தூரத்துக்குப் போனது. சோதனை மண்டபத்தில் கடினமான கணக்கு ஒன்றை யோசிக்கிற மாணவனின் முகம் அது. பிறகு அந்தக் கணக்குக்கு விடை கிடைத்ததுபோல் முகம் மலர்ந்தது. பணிஸை மறுபடி வாயில் வைத்தான். என் மடி சூடானது.

"யா அல்லாஹ், வந்திட்டு!" என்றார் பின்னாலிருந்து ராத்தா.

பஸ் முழுவதும் யன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. சேவியர் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். வழக்கில் வென்ற மனிதனின் முகம்.

"பாத்தீங்களா மிஸ்! உங்கட மடியிலேயே! இப்ப என்ன சொல்றீங்க?"

"ஓம் தம்பி. என்ர மடியிலதான்."

"அப்ப மாத்துங்க. பை இருக்கு, நீங்க இருக்கிறீங்க. மாத்துங்க, போவம்."

பஸ் முழுவதும் என்னைப் பார்த்தது. எனக்கு அது ஒரு நிமிட வேலை. கண்ணை மூடிக்கொண்டும் செய்வேன். பையைத் திறக்கக் கை போய்விட்டது. அப்போதுதான் நான் சேவியரின் கைகளைப் பார்த்தேன். வென்றவரின் முகத்துக்கும் அந்தக் கைகளுக்கும் பொருத்தமில்லை. பஸ் நின்றிருந்தது, ஆனால் இரண்டு கைகளும் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. தன் பிள்ளை தன்னைப் பார்த்துக் கைநீட்டுகிறான், அவர் ஸ்டீரிங்கை விடவில்லை. காலையில் ஃபர்ஹானா கேட்ட கேள்விக்கு அவருடைய முகம் ஏன் அப்படி மாறியது என்று எனக்கு அந்த நேரம் விளங்கியது.

நான் மெதுவாகத்தான் கேட்டேன். "தம்பி, நீங்கள் ஒருநாளாவது இவனுக்கு மாத்தினனீங்களோ?"

அவர் கீழே பார்த்தார். "எனக்குத் தெரியாது மிஸ்."

அவரும் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எஞ்சின் நின்றிருந்தது. கடைசிச் சீற்வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு வந்த அமைதியை நான் மறக்கமாட்டேன். ஒரு பெரிய சிரிப்புக்கு முந்திய அமைதி அது. அந்தச் சிரிப்பு வெடித்தால், நாளைக்கு அந்த ஆள் பிள்ளையை நிச்சயம் நிறுத்திவிடுவார். மெரிலின் வேலை போகும். ஃபர்ஹானாவின் வேலையும் போகும். எனக்கு யோசிக்க நேரமில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன், பெரிதாக, எல்லோருக்கும் கேட்கும்படி:

"அதுக்கென்ன, என்ர மனுசனுக்கும் தெரியாது!"

"எனக்கும் தெரியாதுதான்," என்றார் வாசலில் தொங்கிக்கொண்டிருந்த கொண்டக்டர். தலை நரைத்த மனிதர், பேரப்பிள்ளைகள் கண்டவர்.

"நான் ஏழு புள்ள பெத்தவன், எனக்கே தெரியாது," என்றார் கருவாட்டுப் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்திருந்த ஒருவர். அதைச் சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டியதில்லையோ என்று யோசித்தவர்போல் பெட்டியைப் பார்த்தார்.

"பெத்தது உங்கட பொஞ்சாதி. நீங்க என்னத்த பெத்தீங்க?" என்றார் ராத்தா. சிரிப்பு அங்கே வெடித்தது. ஆனால் அது சேவியரின் பக்கம் போகாமல் கருவாட்டுப் பெட்டிக்காரரின் பக்கம் போனது. அவரும் சேர்ந்து சிரித்தார். நான் அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

"மட்ட புளுவன்," என்று ஒரு குரல் கேட்டது. எனக்கு முடியும் என்று சிங்களத்தில் சொன்னவர், சிலாபம் பக்கத்திலிருந்து தேங்காய் வாங்க வந்துபோகிற ஒரு பெரியவர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "மகள்ட ரெட்டைப் புள்ளைங்க. நான் தான் பாத்தது. வாங்க மாத்தயா, வாங்க ஐயா, பயம் வேணாம்."

கடைசி நீட்டுச் சீற்றில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். நான் துணியை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினேன். சேவியர் வந்து நின்றார். பஸ்ஸின் ஆண்கள் எல்லோரும் சீற்றுகளின் மேல் முழங்காலிட்டு எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு யோசனை இருந்தது. தெரியாது என்று சற்றுமுன் சொன்னவர்களிடம்தான் அதிக யோசனை இருந்தது.

"காலத் தூக்குங்க. ரெண்டையும் ஒரு கையால."

"கோழி பிடிக்கிற மாதிரிப் பிடிக்காதே மச்சான், மெதுவா!"

"முதல்ல தொடைங்க. இல்ல, அந்தப் பக்கம். இல்ல, மற்றது."

சேவியர் மூக்கால் மூச்சு விடாமல், வாயைத் திறந்துகொண்டு, நெற்றி வியர்க்க வியர்க்கத் துடைத்தார். கற்பிட்டி வீதியில் எதிரே லொறி வரும்போதும் அவருக்கு அப்படி வியர்த்திருக்காது. கடைசியில் பிள்ளை சுத்தமானான். நான் புது நாப்பியை அவருடைய கையில் கொடுத்தேன். அதை விரிப்பதற்காக அவர் ஒரு கணம் பார்வையை எடுத்தார்.

தேங்காய்ப் பெரியவர், "எபா, எபா, வேணாம், மூடு!" என்று கத்தினார். பிந்திவிட்டது. ரொஷான் தகப்பனின் சேர்ட்டில் பொக்கற்றுக்கு நேரே, நல்ல உயரமாக, நிதானமாக, நீண்ட நேரம் பெய்தான்.

பஸ் கைதட்டியது.

நான் சேவியரின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு பார்த்தேன். அவர் தன் சேர்ட்டைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை சந்தோஷத்தில் இரண்டு காலையும் உதைத்தான். சேவியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அடக்கத் தெரியாமல் சீற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் கட்டிய நாப்பி ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்து, புயலில் அடிபட்ட கூடாரம்போல் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. நீங்களும் தொடாதீர்கள். முதல் முறை கட்டியதைத் தகப்பனின் முன்னால் அவிழ்த்து நாங்கள் சரிசெய்தால் அவர் இரண்டாவது முறை கட்டமாட்டார்.

பஸ் மறுபடி புறப்பட்டது. பிள்ளை என் மடியில். தலவிலச் சந்தி கிட்டியதும், மெரிலுக்குக் கேட்பதற்காகச் சேவியர் வழக்கம்போல் ஹோர்ன் அடித்தார். சளி பிடித்த நாதஸ்வரம் ஏறியது, குழைந்தது.

பிள்ளையின் புருவங்கள் கூடின. கண் தூரத்துக்குப் போனது.

"அடிக்காதேயுங்கோ!" என்று நான் கத்தினேன்.

சேவியர் பிரேக்கை மிதித்தார். நின்றிருந்தவர்கள் எல்லோரும் முன்னால் வந்து விழுந்தார்கள். "என்ன மிஸ்? மாடா? எங்க மாடு?"

"மாடு இல்லைத் தம்பி. ஹோர்ன்! ஹோர்ன் கேட்டவுடன இவன் முக்கிறான்! கேற்றடியில நீங்கள் வரேக்க அடிக்கிறதுக்கும் இதுதான்!"

ஒருவரும் நம்பவில்லை. ராத்தா எழுந்து வந்து பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிந்து நின்று, "எங்க, கொஞ்சமா ஒருக்கா அடிங்க பாப்பம்," என்றார். சேவியர் கொஞ்சமாக அடித்தார். ரொஷான் முயன்றான். பாவம், கொடுப்பதற்கு அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு சின்னச் சத்தம் மட்டும் வந்தது. ராத்தா நிமிர்ந்தார். "மிஸ் சொல்றது சரிதான்," என்று பஸ்ஸுக்குத் தீர்ப்புச் சொன்னார்.

மெரில் சந்தியில் நின்றாள். என்னைக் கண்டதும் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறி ஓடிவந்தாள். நான் கீழே இறங்கி விசயத்தைச் சொன்னேன். அவள் கையால் வாயைப் பொத்தினாள். பிறகு அங்கிருந்த மதகில் போய் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளாக்கும் என்று பார்த்தால் சிரிக்கிறாள்.

"அது நான்தான் மிஸ் பழக்கினது. காலையில இவரு பஸ்ஸ எடுத்துக்கொண்டு வீட்டத் தாண்டிப் போகக்குள்ள எங்களுக்கு ஹோர்ன் அடிப்பாரு. நான் வேலைக்குப் போற அவசரத்தில அந்த நேரம் பாத்துத்தான் இவனக் கக்காச் சட்டியில இருத்துவன். போகப்போக, ஹோர்ன் கேட்டாக் காணும், வேலை முடிஞ்சிரும். எவ்வளவு லேசாப் பழகிட்டான் எண்டு நான் ஹோட்டல்ல எல்லாருக்கிட்டயும் பெருமையாச் சொன்னனே!"

"இதை ஏன் எங்களிட்டச் சொல்லேல்லை?"

"யாரு மிஸ் கேட்டாங்க? பிள்ள பஸ்ஸில செய்யுறான், சின்னப்பிள்ள தானே எண்டு நினைச்சன். இவரு உங்களோட சண்ட பிடிக்கிறதே எனக்குத் தெரியாது." அவள் பஸ்ஸைப் பார்த்தாள். "ஏன் சேர்ட்டு நனைஞ்சிருக்கு?"

சேவியர் வாயைத் திறக்குமுன் பஸ் முழுவதும் சேர்ந்து சொன்னது.

பார்த்தீர்களா? கேற்றடியில் நின்று எவ்வளவு சட்டம் பேசினோம். உள்ளே, வெளியே, சூடு, ஆறியது. வீட்டில் பிள்ளை எப்படி, எப்போது கக்கா இருப்பான் என்று தாயிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். கேற்றடியில் சத்தம் போடுகிறவரோடு மட்டும் கதைத்து நேரத்தைப் போக்காதீர்கள். சத்தம் போடாத மற்றவரையும் போய்ப் பாருங்கள். அதோடு, அளவுக்கு மிஞ்சிக் கோபப்படுகிற ஒருவரைக் கண்டால், இவருக்கு எது தெரியாது, எதை மறைக்கிறார் என்று ஒருமுறை யோசியுங்கள். அதைக் கண்டுபிடித்தாலும் நாலுபேர் முன்னால் சொல்லாதீர்கள். நான் கேட்டது நாலுபேர் முன்னால் ஆகிவிட்டது. கருவாட்டுப் பெட்டிக்காரர் இல்லாவிட்டால் கதை வேறுமாதிரி முடிந்திருக்கும்.

மறுநாள் தலைவரிடம் நடந்ததைச் சொன்னேன். ஹோர்ன் என்றேன். அவர் நம்பாமல் இரண்டுமுறை கேட்டார். மூன்றாவது முறை தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டார், விசயம் முடிந்தது என்று விளங்கிக்கொண்டேன். ஆனால் ஃபர்ஹானாவின் விசயம் முடியவில்லை. தன்னை வீட்டில் நிற்கச் சொல்ல யோசித்தார்கள் என்பது அவளுடைய காதுக்கு எப்படியோ போயிருந்தது. நாள் முழுவதும் பிள்ளைகளோடு மட்டும் கதைத்தாள். அன்று நாப்பிகளைப் பிழிந்த பிழியில் நூல் தெறித்திருக்கும்.

பின்னேரம் பஸ் ஹோர்ன் சத்தமில்லாமல் வந்து நின்றது. சேவியர் இறங்கி வந்தார். புது சேர்ட். கேற்றடியில் நிற்காமல் உள்ளே வந்தார். ஃபர்ஹானா பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"தங்கச்சி," என்றார் சேவியர். பிறகு தொண்டையைச் செருமினார். "நேத்து... அதுக்கு முந்தியும்... நான் கதைச்சது..."

அதற்குமேல் வரவில்லை. பஸ்ஸை இரண்டு லொறிகளுக்கு நடுவால் விடத் தெரிந்த மனிதருக்கு அந்த வசனத்தைக் கொண்டுபோய் முடிக்கத் தெரியவில்லை. ஃபர்ஹானா உதவி செய்யவுமில்லை. கடைசியில் அவர் பிள்ளையின் தொடைப்பக்கத்தைக் காட்டினார்.

"இந்த இடத்தில ஒழுகாம ஒரு மடிப்பு மடிக்கிறியே. அது எப்பிடி? நான் ராத்திரிக் கட்டினது விடியிறதுக்குள்ள அவிழ்ந்திட்டு."

ஃபர்ஹானா முதல்முறையாக அவரைப் பார்த்தாள். பிள்ளையை வாங்கிப் பாயில் கிடத்தினாள். கட்டியிருந்த நாப்பியை அவிழ்த்தாள். ஒருமுறை மடித்துக் காட்டினாள். பிறகு பிரித்து அவருடைய கையில் கொடுத்தாள்.

அவர் கட்டினார். அவள் தொடைப்பக்கம் விரலை விட்டுப் பார்த்தாள்.

"காத்துப் போகுது. கழட்டுங்க."

அவர் கழற்றிக் கட்டினார்.

"இப்ப புள்ளைக்கு மூச்சு முட்டுது. கழட்டுங்க நானா."

வெளியே பஸ்ஸில் ஆட்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கொண்டக்டர் கேற்றடிக்கு வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, ஃபர்ஹானாவின் முகத்தைக் கண்டு, வந்த வழியே திரும்பிப் போனார். பின்னால் வந்த பஸ் முந்திக்கொண்டு போனது. சேவியர் தலையைத் தூக்கிப் பார்க்கவுமில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, மறுபடி மடித்து, இழுத்து, ஊசி குத்தி, பின்னால் சாய்ந்து இருந்தார்.

ஃபர்ஹானா விரலைவிட்டுச் சுற்றிவரப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கி ஒருமுறை குலுக்கினாள். திரும்பவும் பார்த்தாள்.

"ம்," என்றாள். "இப்ப கொண்டு போகலாம்."

சேவியர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் முற்றத்தைக் கடந்து போனார். அவருக்கு பஸ் ஓட்ட லைசன் கிடைத்த அன்றைக்குக்கூட அப்படி நடந்திருக்கமாட்டார்.